தங்கை லேபில் எச்ஐவி என்சைம் இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தங்கை முதுகலை கடைசி வருட ப்ராஜெக்டுக்காக ஒரு ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கே 'எச்ஐவி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்ற ஒன்றைத் தயாரிக்கிறார்கள். ஃப்ரீசரில் 'மொலோனி எலி ரத்தப்புற்று வைரஸ்' என்று பெயர் ஒட்டிய டியூபும் இருக்கிறதாம். "எல்லாம் ரீகாம்பினன்ட் அண்ணா, பாக்டீரியாவில் செய்தது" என்று அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தைரியம் தரவில்லை. வைரஸோடு பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டதே என்று கலக்கம் கூடியிருக்கிறது. கேள்வியாக நீங்கள் எழுதியது, ரீகாம்பினன்ட் வைரல் என்சைம் என்றால் என்ன, அதை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: அம்மா தங்கையின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். வைரஸின் ஒரு பாகத்தைக் கையாள்கிறவர், வைரஸையே கையாள்கிறவர் ஆவாரா?

ஆக மாட்டார். தட்டை இன்றைக்கே பழைய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தப்பான காரணத்துக்காக நிம்மதி அடைவீர்கள். எச்ஐவி தொற்று உள்ள ஒருவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் அது பரவாது. ரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்று அதன் வழிகள் எண்ணி வைத்தவை. எச்சில் டம்ளர் அதில் இல்லை. ஆகவே உங்கள் தங்கை லேபில் என்ன செய்தாலும் தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நான் புரதங்களைத் தயாரித்துச் சுத்தம் செய்யும் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். என் கையில் இதுவரை வந்த நொதிகளில் (என்சைமுக்குத் தமிழ்ப் பெயர் நொதி, ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரதம்) ஏறக்குறைய பாதி ஏதோ ஒரு வைரஸுக்குச் சொந்தமானவை. நான் மருத்துவர் இல்லை. உங்கள் தங்கையின் ஆய்வகத்தைப் பார்த்ததும் இல்லை. அங்கே நொதியைத் தவிர வேறு என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து என் பதிலில் ஒரு பகுதி மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வைரஸுக்கும் அதன் நொதிக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்போம். எச்ஐவி ஒரு முழு வைரஸாக இருக்கவேண்டுமென்றால் அதற்கு மூன்று விஷயம் தேவை. சுமார் 9,700 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ, அதாவது தன்னை மறுபடி உருவாக்கிக்கொள்ளும் குறிப்பு. அதைச் சுற்றிய உறை, அந்த உறையின்மேல் நம் ரத்தத்தின் சிடி4 செல்லைப் பிடித்துக்கொள்ளும் புரதம். உள்ளே சில வேலைக்கார நொதிகள். இந்த வேலைக்காரர்களில் ஒருவர்தான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். வைரஸின் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவாக நகல் எழுதுவது அவர் வேலை. சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். மூலப்பத்திரத்தைக் கொடுத்தால் நகல் எழுதுவார். பத்திரமே இல்லாமல் எழுத்தரை மட்டும் உங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைத்தால் யார் சொத்தும் யார் பேருக்கும் மாறாது. உங்கள் தங்கையின் டியூபில் இருப்பது எழுத்தர் மட்டும்தான். பத்திரம் இல்லை, செல்லுக்குள் நுழையக் கதவும் இல்லை. தோலில் பட்டால் கழுவிவிடலாம், அவ்வளவுதான். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது.

இப்போது 'ரீகாம்பினன்ட்' என்ற சொல். பாடப்புத்தகத்தில் மறுசேர்க்கை என்று படித்திருப்பீர்கள். வைரஸிலிருந்து அந்த ஒரு நொதிக்கான மரபணுத் துண்டை மட்டும் எடுத்து (இப்போதெல்லாம் வைரஸைத் தொடவே வேண்டாம், எழுத்து வரிசையை அனுப்பினால் செயற்கையாகவே செய்து அனுப்பிவிடுகிறார்கள்) பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் ஒட்டி, அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விடுகிறோம். இந்த ஈ.கோலை ஹோட்டல் சட்னியில் வந்து வயிற்றைக் கெடுக்கும் ரகம் இல்லை. பல தலைமுறையாக ஆய்வகத்திலேயே வளர்ந்து, வெளி உலகத்தில் பிழைக்கும் சாமர்த்தியத்தை இழந்த ரகம்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், தங்கை ஏன் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார் என்பதும் புரியும். முந்தின நாள் மாலை போட்ட சின்ன கல்ச்சரை, காலையில் ஒரு லிட்டர் ஊட்டக் கரைசலில் ஊற்றி 37 டிகிரியில் குலுக்க விடுவோம். இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்த டீ நிறக் கரைசல் கலங்கி, அறை முழுக்க ஒரு கனத்த வாடை ஏறும். இண்டோல் என்ற பொருளின் வாடை அது, பழகினவர்களுக்குத் தெரியவே தெரியாது. கலங்கல் அளவு 0.6 தொட்டதும் ஐபிடிஜி என்ற பொருளைத் துளி சேர்ப்போம். 'இனி உன் வேலையை விட்டுவிட்டு என் வேலையைச் செய்' என்று பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் உத்தரவு அது. சில மணி நேரம் கழித்து, அல்லது குளிரில் ஓட்டினால் மறுநாள் காலை, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி அடியில் படியும் பழுப்புக் களிம்பை எடுத்து, ஐஸில் வைத்து ஒலி அலையால் உடைப்போம். அந்த நிமிடமே பாக்டீரியா செத்துவிடும். அப்புறம் நிக்கல் பூசிய நீலநிற மணிகள் நிரம்பிய குழாயில் ஊற்றுவோம். நம் நொதியின் வாலில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஆறு முறை முன்கூட்டியே கோத்திருப்பதால் அது மட்டும் நிக்கலில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கீழே போய்விடும். இமிடசோல் என்ற பொருளை ஊற்றினால் நொதி விடுபட்டு இறங்கும். கடைசியில் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி நீலச்சாயம் போட்டுப் பார்த்தால், எச்ஐவி நொதி என்றால் 66 கிலோடால்டனில் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) ஒன்றும் 51-ல் ஒன்றுமாக இரண்டு பட்டை தெரியும். அது இரண்டு துண்டு சேர்ந்த நொதி. பெரிய துண்டின் சுருக்கமான வடிவம்தான் சின்ன துண்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மரபணுவை பிளாஸ்மிட்டில் ஒட்டப் பயன்படும் பசை பெரும்பாலும் டி4 லைகேஸ் என்ற நொதி. அது டி4 என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் சொத்து. உத்தரவு கொடுத்ததும் பாக்டீரியாவுக்குள் மரபணுவை மும்முரமாகப் படிப்பது டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ். அது இன்னொரு வைரஸின் சொத்து. அந்த டி7 மரபணுவை பாக்டீரியாவின் குரோமோசோமுக்குள் சுமந்துகொண்டு போய் உட்கார்ந்தது லாம்டா என்ற மூன்றாவது வைரஸ். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஸ்டூடியரும் மொஃபாட்டும் 1986-ல் வெளியிட்ட முறை இது. இன்று உலகத்தில் எந்தப் புரத லேபுக்குப் போனாலும் பிஎல்21 (டிஇ3) என்று எழுதிய டியூப் இருக்கும், அதில் டிஇ3 என்பதுதான் அந்த லாம்டா. ஆக, எச்ஐவியின் ஒரு நொதியைச் செய்ய மூன்று வைரஸ்களின் கையை வாங்கியிருக்கிறோம். இந்த மூன்றும் பாக்டீரியாவை மட்டுமே தாக்குபவை, மனிதனைத் தொடாதவை. இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம், தட்டு மறுபடி தனியாகப் போய்விடும்.

ஏன் வைரஸிடம் போய் நிற்கவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வைரஸ் மிகச் சிறிய குடித்தனம். கொஞ்சம் மரபணுவை வைத்துக்கொண்டு, அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து, அவன் சுதாரிப்பதற்குள் வேலையை முடிக்கவேண்டும். அதனால் அதன் நொதிகள் பலவும் தனியாளாக, வேகமாக, பிடிவாதமாக வேலை செய்பவை. ஈ.கோலையின் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் ஐந்தாறு துண்டுகள் சேர்ந்த கூட்டுக் குடும்பம். டி7 வைரஸின் பாலிமரேஸ் ஒரே துண்டு, சுமார் 99 கிலோடால்டன், வேகமோ பல மடங்கு. அது தன் வைரஸின் தொடக்கக் குறியைக் கண்டால் மட்டும்தான் எழுத ஆரம்பிக்கும், மற்ற எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. ஆராய்ச்சிக்காரனுக்கு இதைவிட வசதியான வேலையாள் கிடைக்கமாட்டான். ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளின் எம்ஆர்என்ஏவை எழுதியது இந்த டி7 நொதிதான். எம்ஆர்என்ஏ தயாரிப்பில் அதன் தலையில் தொப்பி போடுவதற்கு, அம்மை குத்தும் தடுப்பூசியில் இருந்த வாக்சினியா வைரஸின் நொதியைப் பயன்படுத்தும் முறையும் உண்டு.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் கதை இன்னும் சுவையானது. டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம் என்றுதான் தகவல் போகும், திரும்பி வராது என்று பலரும் நம்பியிருந்த காலம். 1970-ல் விஸ்கான்சினில் ஹோவர்ட் டெமினும் சதோஷி மிசுதானியும், எம்ஐடியில் டேவிட் பால்டிமோரும், தனித்தனியாக ஒரே சமயத்தில், ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதி வைரஸ் துகளுக்குள் இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தது. 1975-ல் டெமினுக்கும் பால்டிமோருக்கும் டல்பெக்கோவோடு சேர்த்து நோபல் பரிசு. அதற்கு அப்புறம் எல்லா லேபுக்கும் அந்த நொதி வேண்டியிருந்தது. எங்கே கிடைக்கும்? ஏஎம்வி என்ற ரத்தப்புற்று வைரஸைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஏற்றி, நோய் முற்றிய குஞ்சின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்து, அதை உடைத்து நொதியை எடுத்தார்கள். 1970களின் ஆய்வுக்கட்டுரைகளில் நன்றி சொல்லும் இடத்தில் ஜே. டபிள்யூ. பியர்ட் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். அவரிடமிருந்துதான் பலருக்கும் அந்த நொதி போனது. இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து டியூபுக்குப் பின்னால் உண்மையிலேயே முழு வைரஸ் இருந்தது, அதைச் சுத்தம் செய்துதான் நொதி வந்தது. உங்கள் தங்கை சொன்ன 'ரீகாம்பினன்ட்' என்ற சொல், அந்த வழி இப்போது இல்லை என்பதற்கான உத்தரவாதம். 1985-ல் நியூயார்க்கில் ஸ்டீபன் காஃப் குழு, மொலோனி எலி வைரஸின் இந்த நொதியை ஈ.கோலைக்குள் வேலைசெய்யும் நிலையில் உண்டாக்கிக் காட்டியது. இன்று ஃப்ரீசரில் இருக்கும் டியூப் அந்த வழியில் வந்த வாரிசு. பெயரில் எலியும் ரத்தப்புற்றும் இருக்கின்றன, டியூபில் இரண்டும் இல்லை.

கோவிட் சமயத்தில் எல்லோரும் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு காத்திருந்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் அந்த 'ஆர்டி' இதுதான். ரியல் டைம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சோதனை ரியல் டைமும்தான், ஆனால் முதலில் வரும் ஆர்டி, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன். கொரோனா ஆர்என்ஏ வைரஸ். பிசிஆர் என்பது டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் முறை, அதற்கு டிஎன்ஏ மட்டும்தான் படிக்கத் தெரியும். நடுவில் மொழிபெயர்த்தது இந்த மாதிரி ஒரு நொதி. ஆக உங்கள் அம்மாவின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியையும் இப்படி ஒரு வைரஸின் நொதிதான் படித்திருக்கிறது.

சரி, இதுவரை சொன்னது உறுதியானவை. இனிமேல் கொஞ்சம் மேடு பள்ளம் உள்ள இடம். வைரஸை விட்டு நொதி தனியாக வந்துவிட்டாலும், வைரஸின் கைப்பழக்கம் அதோடு கூடவே வரும். தங்கைக்கு நோய் வராது, ஆனால் தப்பான முடிவு வரலாம். முதல் பழக்கம், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தாது. நம் செல்லின் டிஎன்ஏ நொதிகளில் முக்கியமானவை பிழை திருத்துபவை, இது திருத்தாது. எச்ஐவிக்கு அது லாபம், பிழை வழியாகத்தான் மருந்துக்குத் தப்பிக்கிறது. ஆராய்ச்சியில் அது நஷ்டம். இரண்டாவது பழக்கம், ஆர்என்ஏஸ் எச். நகல் எழுதி முடித்த மூலப்பத்திரத்தைக் கிழித்துப் போடும் குணம். வைரஸுக்குத் தேவையான வேலை அது, நமக்கு நீளமான நகல் வேண்டுமென்றால் எழுதி முடிக்கும் முன்பே கிழித்துத் தொலைக்கும். அதனால் மொலோனி நொதியின் அந்தக் கத்தியை, ஓரிரு எழுத்தை மாற்றி மழுங்கடித்து விற்கிறார்கள். மூலநொதிக்கு 37 டிகிரி போதும். மாற்றியமைத்தவற்றில் சில 50, 55 டிகிரியிலும் தாங்கும், சிக்கலாக மடிந்த ஆர்என்ஏ அந்தச் சூட்டில் பிரிந்து கொடுக்கும். ஆகவே இன்று விற்கும் 'மொலோனி' நொதியில் பலவும் இயற்கையில் எந்த எலி வைரஸிலும் இல்லாத நொதிகள்.

பிழை எத்தனைக்கு ஒன்று என்று கேட்டால் அங்கேதான் தராசு ஆட ஆரம்பிக்கும். சுத்தம் செய்த எச்ஐவி நொதியை டியூபில் வைத்து அளந்தால் ஒரு எண் வரும். அளக்கும் முறையை மாற்றினால் எண்ணும் மாறும். 1995-ல் மான்ஸ்கியும் டெமினும், அதே நோபல் டெமின்தான், செல்லுக்குள் வைரஸ் பெருகும்போது அளந்து பார்த்தார்கள். டியூபில் அளந்ததை வைத்து எதிர்பார்த்ததைவிடப் பிழை குறைவாக இருந்தது, சுமார் 30,000 எழுத்துக்கு ஒன்று. ஏன் குறைந்தது என்பதற்குச் செல்லின் சூழல், கட்டுமான எழுத்துகளின் அளவு, வைரஸின் கூட இருக்கும் மற்ற புரதங்கள் என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒரே காரணத்தில் எல்லோரும் ஒத்துப்போன மாதிரி எனக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இவ்வளவுதான்: டியூபில் இருக்கும் நொதி, வைரஸுக்குள் இருக்கும் நொதியின் சரியான பிரதிநிதி என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. லேப்களில் புழங்கும் எச்ஐவி நொதி பெரும்பாலும் பி என்ற துணைவகையைச் சேர்ந்த பழைய ஆய்வக வைரஸிலிருந்து வந்தது. இந்தியாவில் பரவியிருப்பதோ பெரும்பான்மையும் சி துணைவகை. இரண்டின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸும் ஒன்றுபோலவே இயங்குகின்றன, முக்கியமான மருந்துகள் இரண்டிலும் வேலை செய்கின்றன, அது நிச்சயம். ஆனால் ஒரு புது மருந்துக்கூறு பி நொதியைத் தடுத்தது என்பதாலேயே சி நொதியையும் அதே அளவுக்குத் தடுக்கும் என்று எழுதினால், அது அனுமானம்தான், முடிவு இல்லை. உங்கள் தங்கை ப்ராஜெக்ட் அறிக்கை எழுதும்போது எந்தத் துணைவகை என்று ஒரு வரி சேர்த்தால் நேர்முகத்தில் கேட்பவர்கள் மகிழ்வார்கள்.

அந்த ப்ராஜெக்ட் எதற்கு என்பது இப்போது ஊகிக்க முடிகிறது. எச்ஐவி நொதியை லேபில் செய்வது பெரும்பாலும் மருந்து தேடுவதற்கு. 1992-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு, ரீகாம்பினன்ட் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைப் படிகமாக்கி, நெவிரபின் என்ற மருந்து அதன் எந்தப் பொந்தில் போய் உட்காருகிறது என்று படம் பிடித்தது. இன்று நம் ஏஆர்டி மையங்களில், அதாவது எச்ஐவி சிகிச்சை மையங்களில், பெரும்பாலோருக்குக் கொடுக்கும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து. முதல் இரண்டும் தாக்குவது உங்கள் தங்கையின் டியூபில் இருக்கும் நொதியை. மூன்றாவது, இன்டெக்ரேஸ் என்ற இன்னொரு எச்ஐவி நொதியை. வைரஸை வளர்க்காமல் நொதியை மட்டும் பாக்டீரியாவில் செய்ய முடிந்ததால்தான் சாதாரணக் கல்லூரி லேபில்கூட இந்தச் சோதனைகளைச் செய்ய முடிகிறது.

பாக்டீரியாவில் செய்தால் எல்லாம் சரியாக வரும் என்றும் இல்லை. ஃப்ளூ வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதிக்குச் சர்க்கரை அலங்காரம் வேண்டும், ஈ.கோலைக்கு அது தெரியாது, ஆகவே பூச்சி செல்களிலோ பாலூட்டி செல்களிலோ செய்கிறார்கள். கொரோனாவின் முக்கியப் புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் நொதி, வேறு விதத்தில் வம்பு பிடித்தது. தலைப்பக்கம் கூடுதலாகச் சில எழுத்து ஒட்டியிருந்தாலே அது ஜோடி சேர முரண்டு பிடித்து வேகம் குறையும். அதனால் தலைப்பக்கத்தை அதுவே தன்னை வெட்டிக்கொள்ளும்படி வடிவமைத்து, வால்பக்கத்தை ஜலதோஷ வைரஸ்களில் ஒன்றான ரைனோவைரஸின் 3சி புரோட்டியேஸால் நறுக்கினார்கள். ஒரு வைரஸின் நொதிக்கு இன்னொரு வைரஸின் நொதி முடிதிருத்தும் கதை. என் லேபில் இந்தச் சவரத்துக்குப் புகையிலைச் செடியைத் தாக்கும் டிஇவி வைரஸின் புரோட்டியேஸ்தான் தினசரிப் புழக்கம். ஏழு எழுத்து அடையாளத்தைப் பார்த்து மட்டுமே வெட்டும், வேறு எங்கும் கை வைக்காது. ஆனால் மூலவடிவம் சும்மா இருக்கும்போது தன்னையே வெட்டிக்கொள்ளும். ஓர் எழுத்தை மாற்றி அந்தக் கெட்ட பழக்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மாற்றம் இல்லாத பழைய பிளாஸ்மிட்டை யாரோ கொடுத்ததை நம்பி, நான் ஒரு மாதம் வீணடித்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஜெல்லில் டிஇவி பட்டை மெலிந்துகொண்டே போனது, ஃப்ரிட்ஜ் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

'ரீகாம்பினன்ட் என்றால் சுத்தம்' என்று தங்கை நினைத்திருந்தால் அதையும் கொஞ்சம் அசைத்துவிடுகிறேன். 2006-ல் எக்ஸ்எம்ஆர்வி என்ற எலி வகை வைரஸ் மனிதனின் புராஸ்டேட் புற்றுக்கட்டியில் இருப்பதாகவும், 2009-ல் அதுவே தீராச் சோர்வு நோய்க்குத் தொடர்புடையது என்றும் பெரிய இதழ்களில் வந்தது. உலகமே பரபரத்தது. கடைசியில் மாதிரிகளில் கலந்த மாசுதான் காரணம் என்று தெரிந்து, 2009 கட்டுரை 2011 டிசம்பரில் முழுவதுமாகத் திரும்பப் பெறப்பட்டது. அந்த விசாரணையின்போது ஜப்பானிய ஆய்வாளர்கள், விற்பனைக்கு வந்த ஒரு ஆர்டி-பிசிஆர் கிட்டிலேயே எலி வைரஸ் மரபணு மாசு இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கிட்டில் சேர்க்கும் ஆன்டிபாடி எலி செல்லில் தயாரானது, அந்த வழியாக வந்திருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். இது யாருக்கும் நோய் தரவில்லை, ஆனால் பொய்யான முடிவு தந்தது. பாக்டீரியாவில் செய்த நொதியில் பாக்டீரியாவின் டிஎன்ஏ தடம் கொஞ்சம் இருப்பதும் சகஜம். மண்ணிலோ ரத்தத்திலோ பாக்டீரியா தேடுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி.

இப்படிப்பட்ட பொய்யான முடிவைப் பிடிக்க, நொதி சேர்க்காத டியூப் ஒன்றையும் கூடவே ஓட்டச் சொல்லுங்கள். நான் படித்த காலத்தில் ஆர்என்ஏவிலிருந்து நகல் எழுதி, பிசிஆர் செய்து, அழகான பட்டை ஒன்றைப் பார்த்து இரண்டு வாரம் மிதந்துகொண்டு இருந்தேன். நொதியே போடாத டியூபிலும் அதே பட்டை வந்தபோதுதான், ஆர்என்ஏவோடு சேர்ந்து வந்த டிஎன்ஏவைத்தான் இத்தனை நாள் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இன்னொரு தடவை பொங்கல் விடுமுறையில் பார்சல் வந்து, நான்கு நாள் காவலாளி அறையில் கிடந்து, ஐஸ் பை எல்லாம் வெந்நீர்ப் பை ஆகிவிட்டது. டியூப் பார்வைக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. கிளிசரால் பாதி கலந்திருப்பதால் இந்த நொதிகள் மைனஸ் 20-லும் உறையாது, தேன் மாதிரி வழுக்கும். கெட்டுப்போனாலும் அதே மாதிரிதான் வழுக்கும்.

இப்போது முதலில் தள்ளிவைத்த இடத்துக்கு வருகிறேன். நான் கொடுத்த தைரியம் எல்லாம் சுத்தம் செய்த நொதிக்கு. எச்ஐவி சார்ந்த வேறு சில பொருட்களும் லேப்களில் உண்டு, அவை வேறு கணக்கு. லென்டிவைரஸ் வெக்டர் என்பது எச்ஐவியை முடமாக்கிச் செய்த துகள். அதனால் பெருக முடியாது, ஆனால் மனித செல்லுக்குள் நுழைய முடியும், ஆகவே இரண்டாம் நிலைப் பாதுகாப்பு அறையும் பயிற்சியும் வேண்டும். எச்ஐவியின் முழு மரபணுவும் உள்ள பிளாஸ்மிட் இன்னொன்று. அதை மனித செல்லுக்குள் விட்டால் உண்மையான வைரஸே வெளியே வரும். நேரடி வைரஸை வளர்க்கும் லேப் மூன்றாவது வகை. அங்கே முதுகலை மாணவரைத் தனியாக விடக்கூடாது. உங்கள் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ தொடுவது ஈ.கோலையும் அதிலிருந்து எடுத்த புரதமும் மட்டும்தானா, மனித செல் கல்ச்சர் ஏதாவது இருக்கிறதா?" முதல் பதில் என்றால் கவலையே இல்லை. இரண்டாவது என்றாலும் உடனே பதறவேண்டாம். நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழு, ஐபிஎஸ்சி என்பார்கள், அந்த வேலைக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா, அவருக்குப் பயிற்சி கொடுத்தார்களா என்று அவரே வழிகாட்டியிடம் கேட்கலாம். கேட்டதற்காகக் கோபப்படும் லேபைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நொதியைப் பற்றிப் பயப்படும் நேரத்தில், அதே மேஜையில் இருக்கும் மற்றவற்றைப் பற்றிப் பேசுவது நல்லது. ஜெல் ஊற்றும் அக்ரிலமைடு, கெட்டியாவதற்கு முன் நரம்பைப் பாதிக்கும் விஷம். டிஎன்ஏவைக் காட்டும் எதிடியம் புரோமைடைக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஜெல் பார்க்கும் புறஊதா விளக்குக்கு முகக்கவசம் வேண்டும், நான் ஒரு நாள் போடாமல் நின்று கன்னம் தோலுரிந்தது. பீனால் தோலைச் சுடும். நொதிப் பொடியைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் ஒவ்வாமை வரும் என்பது சலவைத்தூள் தொழிற்சாலைகளில் முன்பே கண்ட விஷயம். ஆனால் மைக்ரோலிட்டர் கணக்கில் திரவமாகப் புழங்கும் லேப் நொதிகளுக்கு அந்தக் கவலை அநேகமாகப் பொருந்தாது. லேப் கோட்டை லேபிலேயே விட்டுவிட்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வரவேண்டும். கையுறையோடு செல்போனை எடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அது வீட்டுக்கு வருகிறது, தட்டுக்குப் பக்கத்தில் உட்காருகிறது. அம்மா பிரித்து வைக்கவேண்டியது ஏதாவது இருந்தால் அந்தப் போனைத்தான்.

தங்கைக்கு விருப்பமிருந்தால், பெயர், இடம் எதுவும் இல்லாமல், சுத்தம் செய்த நொதியின் ஜெல் படத்தை மட்டும் இங்கே போடச் சொல்லுங்கள். 66-லும் 51-லும் இரண்டு பட்டையும் சம அளவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். 51 மெலிந்திருந்தால் எந்தக் கட்டத்தில் நழுவியிருக்கும் என்பதற்கு என்னிடம் இரண்டு மூன்று யூகம் இருக்கிறது.